நாய்ப்பீயும் குப்பையனும்

லண்டன் மனோர் பார்க்கில், ஊருக்குக் கதைக்கிற போன்காட் நாங்கள் விற்ற கடையைப் பூட்டிவிட்டார்கள். வேலை போன நானும் கீக்யாக்கும் நடந்துகொண்டிருந்தோம். அவன் திபெத்தியன், கடையில் பழகிய தமிழ்.

“கீக்யாக், அதென்னடா பேர்?”

“எங்கட பாஷையில நாய்ப்பீ, அண்ணை. எனக்கு முன்னம் மூண்டு பிள்ளை செத்தது. பேய் தொடாமலிருக்க அம்மா வைச்சது.” சிரித்தான்.

எனக்கு முன்னும் இரண்டு செத்தது. அம்மா என்னைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பையன் என்று பேர் வைத்தா. பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவார்கள். தங்கச்சி பிறந்தபோது, “இவளுக்கு வடிவான பேர் வையுங்கோ” என்று அழுதேன். செல்வராணி என்று வைத்தார்கள். எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா என்னை ஏசவில்லை. அதன்பிறகு ஊருக்கே கேட்க, “குப்பையா, குப்பையா” என்று கூப்பிடுவா. நான் ஓடிப்போய் முன்னால் நிற்பேன்.

மறுநாள் காலை நோர்பரியில் ஒரு லோண்டரியில் வேலை கிடைத்தது. முதலாளி பேர் கேட்டார். லண்டனில் எங்கும் குமார் என்று சொல்பவன், குப்பையன் என்றேன்.