செங்கல் மேல் சேவல்

தையல்காரர் கோழிகளுக்குக் கோட்டு தைக்கிறாராம், அதுவும் பாக்கெட் வைத்து என்று தபால்காரர் ரொட்டிக்கடையில் சொன்னாராம். ரொட்டிக்கடைக்காரர் அதைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தார். தையல்காரரின் காதுக்கு வந்து சேர்ந்தபோது கோட்டுக்குப் பித்தளைப் பட்டனும் முளைத்திருந்தது. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "கோட்டு இல்லய்யா, முதுகுத் துணி. தெரியாதவன் பேசக்கூடாது" என்றார். பாக்கெட்டை மட்டும் மறுக்கவில்லை.

உண்மை அவ்வளவு அழகானதல்ல. கடைக்குப் பின்னாலுள்ள முற்றத்தில் தலையணை தலையணையாக நான்கு பெட்டைகள். அவற்றுக்கு நடுவே, புறாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு குள்ளச் சேவல். அது ஏறி மிதிக்கும்போது நகம் பட்டுப் பெட்டைகளின் முதுகு மொட்டையாகிவிடுகிறது. அதனால் மீந்த லைனிங் துணியில் ஆளுக்கொரு முதுகுத் துணி, இறக்கையில் மாட்ட எலாஸ்டிக். அளவு நாடா எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும். குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவார். அளவு நோட்டில் வாடிக்கையாளர்களின் இடுப்புக்குக் கீழே 'பழுப்பு: மார்பு 17, முதுகு 8' என்று பெட்டைகளும் வரிசையில் நின்றன.

"அப்பன் குள்ளன், ஆத்தா பெருசு. பொறக்கிறது தீனி பாதி தின்னும், முட்டை முழுசா போடும்." இது அவர் கொள்கை. கால்சட்டைக்கு உள்தொடை அளவு எடுக்கும் நேரம் பார்த்து இதை விளக்குவார். அந்த நிலையில் நிற்பவர் யார்தான் மறுத்துப் பேசுவார்?

ஆனால் ஏறினாலும் குள்ளனுக்கு எட்டுமா என்ற கவலை அவரை அரித்தது. முற்றத்தில் ஒரு செங்கல்லைப் போட்டார். பெட்டையைத் தூக்கி வந்து பக்கத்தில் நிறுத்துவார். குள்ளனைத் தூக்கிச் செங்கல் மேல் வைப்பார். மணமக்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். முதல் தடவை அடைக்கு வைத்த ஒன்பதும் கூமுட்டை. அன்றிலிருந்து, அவர் இல்லாத இடங்களில், அவர் பெயரும் அதுவே.

அடுத்த தடவைக்கு முன் அவர் மனைவி செங்கல்லை எடுத்துத் துவைக்கிற வாளிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். "பெட்டை தானா உக்காந்து கொடுக்குதுங்க. நீங்க நடுவுல தரகர் வேலை பாக்காம இருந்தாலே போதும்" என்றார். செங்கல் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. கணவரைவிட நான்கு விரற்கடை உயரம் அவர். ஆனால் கடை முகப்பில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் இருவரும் ஒரே உயரம். முழங்காலுக்குக் கீழே படம் வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார்.

ஒரு குள்ளனுக்காக இவ்வளவு பாடுபட்ட இந்த மனிதர்தான், மகள் கூட்டி வந்த பையனை வாசலிலேயே கண்ணால் அளந்து ஒதுக்கித் தள்ளினார். மகள் அம்மாவைக் கொண்டு நெடுநெடுவென்று வளர்ந்தவள். பையன் அவள் தோள் வரைதான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.

"லிஃப்ட்ல மேல் பட்டனே எட்டாதேம்மா இவனுக்கு" என்றார் அவன் காதுபடவே. "சட்டைக்கு ஒன்றரை மீட்டர் போதும். கல்யாணச் செலவுல அது ஒண்ணுதான் லாபம்."

பையன் சிரித்தான். "நான் எங்க லிஃப்டுக்குள்ள போறேன், மாமா? அதோட தலைமேலதான் நிப்பேன்."

பதில்கூடப் பரவாயில்லை, அந்த 'மாமா'வைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

மகள் சிரிக்கவில்லை. "புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிடுவேன்பா. எடுத்தீங்கன்னா நீங்க வர்ற வரைக்கும் காத்திருப்பேன். எடுக்கலன்னா போட்டுடுவேன். அப்புறம் நான் கூப்பிட மாட்டேன்."

புதன்கிழமை அடையின் ஏழாம் நாள். முட்டையில் உயிர் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிற நாள்.

"நாளைக்குப் பாத்தா ஓடிப்போயிடுமா?" என்று மனைவி கேட்டார். வெளியே போகும் உடையில், கைப்பையோடு நின்றிருந்தார்.

"ஏழுன்னா ஏழுதான்" என்று முட்டைக் கிண்ணத்தோடு தையல்காரர் உடை போட்டுப் பார்க்கும் அறைக்குள் புகுந்து திரையை இழுத்துக்கொண்டார். ஒரு ஆள் நிற்கத்தான் இடம். ஆனால் நல்ல இருட்டு. போனின் டார்ச்சைப் போட்டுச் சுவர்ப் பலகையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் முதல் முட்டையை ஒரு கையால் நிறுத்திப் பிடித்தார். ஓட்டுக்குள் செந்நூல் நூலாக நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி, துடித்தது.

"சாதிச்சுட்டான்யா என் குள்ளன்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "செங்கல் வேலை செஞ்சுடுச்சு, பாத்தியா?"

"செங்கல் ரெண்டு வாரமா வாளிக்கடியில கெடக்கு" என்றார் மனைவி.

அப்போது போன் அடித்தது. அதிர்வில் முட்டை நடுங்கியது. துடிப்பது உயிரா போனா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அவதாங்க. எடுங்க."

"முட்டை கையில இருக்கு."

"இன்னொரு கை சும்மாதான இருக்கு?"

மனைவி திரையைச் சரேலென்று விலக்கினார். பகல் வெளிச்சம் விழுந்ததும் நரம்பும் புள்ளியும் மறைந்து, அது வெறும் முட்டையாகிவிட்டது. போனுக்காக மனைவி உள்ளங்கையை நீட்டினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

தையல்காரர், சும்மா இருந்த அந்தக் கையால், திரையைப் பிடித்து மறுபடி இழுத்து மூடினார்.