சிஞ்ஞோராவின் துவக்கும் என் பெர்மெசோவும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு வந்த புதிதில், அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு ‘பெர்மெசோ’ என்றால் ஒரே அர்த்தம்தான்: வதிவிட அனுமதிப் பத்திரம். தெருவில் கண்டால் “பெர்மெசோ கிடைச்சிட்டுதோ?” என்றுதான் சுகம் விசாரிப்போம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டென்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் இத்தாலியர், ‘வரலாமா?’ என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள்.

நான் வீட்டுவேலை செய்தது கணவனை இழந்த ஒரு அம்மாவிடம்; அங்கே ‘சிஞ்ஞோரா’ என்பார்கள். வயது எழுபது, வாய்க்கு இருபது. அடுத்த மாதம் என் பெர்மெசோவைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். ஆகவே அவர் எதைச் சொன்னாலும் ‘சீ’ என்பேன். இத்தாலிய மொழியில் அதற்கு ‘ஓம்’ என்று பொருள். நான் பெரும்பாலும் தமிழில்தான் சொன்னேன்.

மேல்வீட்டில் கள்ளன் புகுந்த கிழமை, செத்த கணவரின் கைத்துவக்கை அலுமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “என்ரை வீடு. கேக்காமல் உள்ளை வாறவனைச் சுடச் சட்டம் இருக்கு” என்றார். சீ, சிஞ்ஞோரா.

இரண்டு நாள் கழித்து, கபோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து நுழைந்தேன். நடையின் மறுமுனையில் சிஞ்ஞோரா, மூக்குக்கண்ணாடி இல்லாமல். துவக்கு என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உள்ளை வரேக்கை சொல்லத் தெரியாதோ? பெர்மெசோ!” என்று கத்தினார்.

எனக்குக் கடைசிச் சொல் மட்டுமே கேட்டது. கத்தரிக்காய்களைப் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். பத்திரம் காட்டும் கள்ளனை அவர் எங்கே கண்டிருப்பார்? துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. காற்சட்டை நனைந்ததா என்று கேட்காதீர்கள்.

மத்தியானம் சட்டத்தரணியான அவருடைய தம்பி மகன் வந்து, ஒருவரைச் சுடுவதற்குச் சட்டம் கேட்கும் நிபந்தனைகளை விரல் மடக்கி எண்ணினார். ஆபத்து அந்தக் கணமே இருக்கவேண்டும். வேறு வழி இருக்கக்கூடாது. தடுப்பது வந்த ஆபத்தின் அளவை மீறக்கூடாது.

“இவன்ரை கையிலை என்ன இருந்தது, மாமி?”

“கத்தரிக்காய்.”

“அப்ப மறியலுக்குள்ளை போறது நீங்கள்தான். சரி, துவக்கின்ரை பத்திரம் எங்கை? மாமா செத்த பிறகு பொலிசிலை பதிஞ்சனீங்களோ?”

சிஞ்ஞோரா கூரையைப் பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் பெர்மெசோ இல்லாமல் ஒளிந்திருந்தது துவக்குத்தான்!

“சிரிச்சனீங்களோ?” என்று அன்றிரவு எங்கள் வீட்டில் மனைவி தலையில் கைவைத்தாள். “அவ கையெழுத்து வைக்காட்டி என்ன செய்யிறது?” அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. துவக்குக்கு முன்னால்கூட அப்படிப் பயப்படவில்லை.

அடுத்த நாள் போனபோது சிஞ்ஞோரா கறுப்பு உடுப்பும் கைப்பையுமாக வாசலில் நின்றார்.

“துவக்கைப் பதியவேணும். பொலிஸ் குவெஸ்தூராவுக்கு வழி தெரியும்தானே? நீயும் வா. உன்ரை பத்திரத்துக்கும் அங்கையே கையெழுத்து வைக்கிறன்.”

கள்ளனைச் சுடத் துணிந்த மனுசி, பொலிஸ் கந்தோர் நடையில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். பாவமாக இருந்தது.

அதிகாரியின் அறை வாசலில் அவர் எனக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் கதவைத் தட்டினேன். சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோகாமல், “பெர்மெசோ?” என்று கேட்டேன்.