ஒரு சிட்டிகைதான்

பல் டாக்டருக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் சீனி போலீஸ். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமைதான். மருந்துக் கடைக்கு மேல் மாடியில், இரண்டே அறை உள்ள அந்தக் கிளினிக்கின் நாற்காலியில் சாய்ந்த எவரையும் அவர் விசாரணை இல்லாமல் விட்டதில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு?" என்பார்.

"எப்பவாவது ஒண்ணு, டாக்டர்."

"நீங்க சொல்றது ஒண்ணு, உங்க கடவாப்பல் சொல்றது வேற ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே பல் பார்க்கும் கண்ணாடியை வாய்க்குள் விடுவார். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற ஆள் எதிர்வாதம் செய்ய முடியாது என்பது அந்தத் தொழிலில் உள்ள பெரிய வசதி. போகும்போது கையில் ஒரு கட்டம் போட்ட அட்டையைக் கொடுப்பார். இனிப்புத் தின்னும்போதெல்லாம் அதில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த வாரம் எல்லோரும் மறக்காமல் இரண்டே இரண்டு புள்ளியோடு வந்து நிற்பார்கள். ஊரே சேர்ந்து இப்படிப் புளுகுகிறதே என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவரின் காத்திருப்பு அறையில்தான் அந்தத் தொட்டி நாறிக்கொண்டிருந்தது.

இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் பாறை, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு, ஒரு இறால், பத்துப் பன்னிரண்டு நத்தைகள், பெருமைக்கு ஒரு பவளம். சின்னத் தொட்டிதானே, சமாளிப்பது சுலபம் என்று மூன்று வருடத்துக்கு முன் வாங்கினார். கடல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சண்டித்தனம் செய்யும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முதலில் மணல் மேல் பழுப்பாக ஒரு தூசி படிந்தது. போகட்டும் என்று விட்டார். பிறகு பாறைக்குப் பச்சையாக முடி முளைத்தது. அதற்கும் பிறகு சிவப்பாக, வழுவழுவென்று, தொட்டால் தோலாக உரிந்து வருகிற ஒன்று வந்து எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டது. ஐந்து கிளையோடு விரிந்து நின்ற பவளம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு ஒற்றைக் கிளையில் உயிரை வைத்திருந்தது.

கடவாப்பல் வலியோடு வந்து காத்திருந்த பஸ் டிரைவர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, வரவேற்பு மேசையில் இருந்த டாக்டரின் மனைவியிடம் சொன்னார்: "டாக்டர் முதல்ல இதுக்குப் பல்லு விளக்கி விடட்டும்மா. அப்புறம் நான் உள்ள போறேன்."

அறையே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். சாயங்காலம் கிளினிக் காலியானதும் அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள தெளியலேன்னா மீன் கடைக்காரரை வண்டியோட வரச் சொல்லிடறேன். எல்லாத்தையும் அவரே எடுத்துக்கட்டும். அந்த இடத்துல ரெண்டு நாற்காலி போடலாம்."

அவள் சத்தம் போட்டிருந்தால் டாக்டர் கவலைப்பட்டிருக்க மாட்டார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் நிதானமாகச் சொன்ன எதுவும் நடக்காமல் இருந்ததில்லை. அந்த மீன்கள் இல்லாத கிளினிக்குக்குள் காலையில் நுழைவதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே போர் ஆரம்பமானது. மென்மையான பல்துலக்கியை எடுத்துப் பாறையைத் தேய்த்தார். தேய்த்த முடி தண்ணீரெல்லாம் பறந்து போய்ப் புது இடங்களில் குடியேறியது. எச்சில் உறிஞ்சும் குழாயால் சிவப்புத் தோலை உறிஞ்சினார். மூன்றாம் நாள் அது திரும்ப வந்து உட்கார்ந்தது. வாய்ப்புண் கழுவும் மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றிப் பச்சை முடியின் வேரிலேயே விட்டார். நுரைத்தது, வெளுத்தது, பக்கத்துப் பாறையில் முளைத்தது. கடைசியில், வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும் என்று எங்கோ படித்துவிட்டு, தொட்டியை மூன்று நாள் கறுப்புத் துணியால் மூடினார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கறுப்புத் துணி போர்த்திய பெட்டியைக் கண்டு இரண்டு பேர் வலி நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

வேறு வழியில்லாமல் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். அது ரத்தச் சிவப்பானது. கடைக்காரர் குழாயைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை டாக்டருக்குப் பழக்கமானது. ஆனால் அது தன்னை நோக்கி வந்து அவர் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடறீங்க, டாக்டர்?"

"ஒரு வேளைதான். அதுவும் ஒரு சிட்டிகைதான்."

"நடுவுல?"

"நடுவுல எதுக்குங்க போடறேன்?"

"அப்ப வேற யாரோ போடறாங்க. பத்து மீன் திங்கிற தீனி இந்தத் தண்ணியில கெடக்கு. பாசியைத் தேய்ச்சு என்ன செய்யறது? தீனியைக் கட்டுப்படுத்துங்க, அது தானா பட்டினி கெடந்து போயிடும்."

"எங்க வீட்டுல அவங்க போடறாங்களோ என்னமோ" என்றார் டாக்டர். தாலி கட்டிய மனைவியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்ததும் கொட்டை எழுத்தில் ஒரு அறிவிப்பு எழுதி, தொட்டியில் ஒட்டினார்: 'மீன்களுக்கு யாரும் உணவு போடக் கூடாது.' எழுதி முடித்து, மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அரைமணி நேரத்தில் ஒரு அம்மாளின் ஞானப்பல்லைப் பிடுங்கினார். அந்த அம்மாள் அழுத அழுகை தெருவரை கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர் நேரே தொட்டிக்குப் போய், தீனி டப்பாவைத் திறந்து, தன் அறிவிப்புக்கு மேலாகவே ஒரு சிட்டிகை போட்டார்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள் மனைவி.

மேசை மேல் ஒரு அட்டை இருந்தது. அவரே அச்சடித்துக் கொடுக்கும் அதே கட்டம் போட்ட அட்டை. கட்டமெல்லாம் புள்ளி.

"யாரோடது இது? இத்தனை இனிப்புத் தின்னா பல்லு எப்படி இருக்கும்?" என்றார் டாக்டர், தொழில் புத்தியோடு.

"உங்களோடதுதான். ஒவ்வொரு பல்லு பிடுங்கினதும் வெளிய வந்து ஒரு சிட்டிகை போடறீங்க. சின்னப் பிள்ளைங்க அழுதா ரெண்டு. போன சனிக்கிழமை மட்டும் பதினொண்ணு. ஒரு வாரமா வச்சிட்டிருக்கேன்."

"வாயால சொல்லியிருக்கலாமே."

"வாயால சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

டாக்டர் அட்டையில் இருந்த புள்ளிகளை இரண்டு தரம் எண்ணினார். தன் கை தனக்குத் தெரியாமல் இவ்வளவு செய்திருக்கிறதா என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடையில் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தது வேறு நெஞ்சில் குத்தியது. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நான் கையைக் கொண்டு போனாலே எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷத்துல, என் கையைப் பார்த்து ஓடி வந்து வாயைத் திறக்கிறது இதுங்க ரெண்டும்தான்."

மனைவி கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தீனி டப்பாவை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பஞ்சுச் சுருளுக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை அவள் தீனி போட்டாள், அளந்து. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது அவர் வேலை. பல் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் அவர் பழக்கதோஷத்தில் வெளியே வருவார். வெறும் விரலைத் தண்ணீரில் வைப்பார். மீன்கள் பாய்ந்து வந்து விரல் நுனியைக் கடித்துப் பார்க்கும், ஏமாந்து விலகும். ஆறு நாள் இப்படி வந்தன. ஏழாம் நாள் பாதி தூரம் வந்து திரும்பின. அப்புறம் வரவில்லை.

தொட்டி தெளிந்துகொண்டே வந்தது. முதலில் சிவப்புத் தோல் போனது. பச்சை முடி வெளிறி, நத்தைகளுக்கு இரையானது. அவள் கெடு வைத்த மாதக் கடைசி வந்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பவளத்தில் இரண்டாவது கிளை உப்பிக்கொண்டு வெளியே வந்திருந்தது. மனைவி வண்டிக்குச் சொல்லவில்லை. அறிவிப்பைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"இப்பதாங்க இது டாக்டர் வீட்டுத் தொட்டி" என்றார் மறுபடி வந்திருந்த பஸ் டிரைவர். எல்லோரும் பாராட்டினார்கள். டாக்டரும் சிரித்துத் தலையாட்டினார். அப்போது மனைவி டிரைவரை உள்ளே அனுப்ப நாற்காலியை நகர்த்தி எழுந்தாள். இரண்டு மீனும் அவள் பக்கக் கண்ணாடிக்குப் பாய்ந்து போய், வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டியின் இந்தப் பக்கம் டாக்டர் கண்ணாடியில் கை வைத்தபடி நின்றிருந்தார். அவை திரும்பவே இல்லை.

அவர் உள்ளே போனார். டிரைவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடி, உதட்டையும் இறுக மூடிக்கொண்டு, விசாரணைக்குத் தயாராகக் கிடந்தார். டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுத்தார். இனிப்புக் கணக்கு எதுவும் கேட்கவில்லை.

"கொஞ்சம் வாயைத் திறங்களேன்" என்றார்.

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சீனி போலீஸ் இப்படிக் கெஞ்சுவதை அவர் கேட்டதே இல்லை.