மாமனார் முகத்தில் வளையங்கள்

இருட்டறையில் இருபத்தாறு வருடம் கருப்பு வெள்ளைப் படம் அச்சிட்டவருக்குத் தன் தொழிலில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் உண்டு. "அந்த எண்ணம் மட்டும் இல்லன்னா நான் நல்ல மனுஷன்தான்" என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

மனைவியிடம் அவள் அப்பா இருக்கும் பிலிம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், வேறு படமும் கிடையாது. சுருண்டு கிடந்த அதை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்திப் பெரிதாக்கினார் இவர். மாமனாரின் நெற்றியிலிருந்து மோவாய் வரை வளையம் வளையமாக விழுந்தது.

வழவழப்பான பிலிம் வழவழப்பான கண்ணாடியில் ஒட்டினால் இந்த நியூட்டன் வளையம் வரும். அதைத் தடுக்கத்தான் ஒரு பக்கம் லேசாகச் சொரசொரப்பாக்கிய ஆன்டி நியூட்டன் கண்ணாடி. அதை வாங்கி மாட்டியிருந்ததோடு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைப் பற்றிப் பாடமும் எடுத்தவர் அவர். ஆகவே கண்ணாடி சரி, தானும் சரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

"பிலிமே கெட்டுப்போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவள் பிலிமை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைத் துடைத்தபோது சொரசொரப்பு விரலில் தட்டியது, பிலிமைத் தொடவேண்டிய பக்கத்தில் அல்ல, வெளிப்பக்கத்தில். போன மாதம் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று கழற்றி, பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார். மகா நிபுணர்.

அவளுக்குத் தெரியாமல் அலமாரியைத் திறந்து பிலிமை எடுத்துப் போய் மறுபடி அச்சிட்டார். ஒரு வளையம்கூட இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்தார். 'பிலிமை நானே அரும்பாடுபட்டுச் சரிபண்ணிட்டேன்.' அதற்குப் பொருத்தமான அடக்கமான முகத்தைக்கூடப் பழகிக்கொண்டார்.

அவள் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோனாள். அப்பாவின் நெற்றியை விரலால் வருடினாள். "எப்படிங்க சரி பண்ணீங்க?"

அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிலிம் நல்லாத்தான் இருந்தது. கண்ணாடியை நான்தான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்."

"அப்பாவுக்கு அப்பவே காதோரம் நரைச்சிருக்கு" என்றாள் அவள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

காதில் விழவில்லை, தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுன்னு சொன்னேன்."

"முதல்லயே கேட்டுச்சு" என்றாள். "கல்யாணமானதுலேருந்து நீங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. அதான் இன்னொரு தடவை கேக்கலாம்னு."