அரசாங்கத்துக்காகக் கற்பூரம் அணைத்தவர்

துபாசி வேதாசலம் ஐயா காலமாகிவிட்டார் என்ற செய்தியைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பால் கொண்டுவரும் கோவிந்தன்தான் எனக்குச் சொன்னார். அப்போதுதான் கடையைத் திறந்து அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பால் கேனை இறக்காமலே, "துபாசி ஐயா விடியக்காலையில தவறிட்டாருண்ணே. தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார். இரண்டு வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். சாமான் வாங்காமலே அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் எங்கள் மேட்டுக் கம்பம், இந்தக் குடியிருப்பு, முழுக்கச் செய்தி பரவியது. சாவுச் செய்தி வந்தால் முதலில் வருவது அழுகைதான். எங்களுக்கு அது வரவில்லை. வாசலுக்கு வந்து நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். ஏன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் ஐயாவின் மரியாதைக்காகவும் எழுதுகிறேன்.

ஐயா நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர். இளவயதில் கப்பலேறி வந்து, கோலாலம்பூரில் சர்க்கார் ஆபீஸில் துபாசியாக இருந்தார். துரைமார் பேசுவதைத் தமிழிலும், நாங்கள் பேசுவதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது அவர் உத்தியோகம். மலாயும் பேசுவார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருமுறை நான் ஒரு துரையைக் கன்னாபின்னாவென்று திட்ட, ஐயா அதை அமைதியாக இங்கிலீஷில் சொல்ல, துரை சிரித்துத் தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் வந்து பிறகு கேட்டேன். "ஒண்ணையும் விடல. கொஞ்சம் வெளுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை என்பதையும் ஊர் அறியும்.

பெருவெள்ளத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நாங்கள் அப்போது ஆற்றோரத்தில் குடியிருந்தோம். செங்கல் சூளைக்காரர்கள், மாட்டுவண்டிக்காரர்கள், வண்ணார்கள், நடுவில் என் கடை. ஆறு ஏறி வந்து வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. ரயில் பாதை மேட்டில் ஏறி உயிர் பிழைத்தோம். ஊரார் செய்த உதவிக்குக் குறை சொல்ல நாக்கு வராது. சீன முதலாளிகள், தவுக்கேமார்கள், கடை மாடிகளைத் திறந்துவிட்டார்கள். மலாய்க்காரர்கள் சம்பான் படகில் வந்து கிழவர்களை ஏற்றிப் போனார்கள். கோயிலில் சோறு வடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். துரைசானிமார்கள் கம்பளி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் கடைத்தெரு எழுந்தது. சேற்றை வாரினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், பாலங்களைச் செப்பனிட்டார்கள். நாங்கள் பள்ளிக்கூடத் திடலில் கூடாரத்தில் கிடந்தோம். அடுப்பு ஆறினால் பசி ஆறாது என்பார்கள். யார் வந்து கேட்பார்கள் என்று காத்திராமல், அகப்பட்ட பலகையைப் பொறுக்கி அதே ஆற்றோரத்தில் மறுபடி கொட்டகை போட ஆரம்பித்தோம். அப்போதுதான் சர்க்காருக்கு எங்கள் நினைவு வந்தது.

ஒரு துரை வரைபடத்தோடு வந்தார். ஆற்றோரக் கோயிலடியில் எல்லோரையும் கூட்டினார்கள். ஆற்றை நேராக வெட்டி, இரு பக்கமும் கரை கட்டப் போகிறார்கள். ஆற்றோரத்தில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டு நிலத்தில் ஆளுக்கொரு மனை, தகரம், பலகை எல்லாம் தருவார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் குழாய்த் தண்ணீரும் வந்துவிடும். துரை சொல்லச் சொல்ல ஐயா தமிழில் சொன்னார்.

எங்கள் ஆட்கள் அசையவில்லை. மேட்டில் கிணறு தோண்டினால் பாறை என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஒரே தண்ணீர், ஈயம் எடுத்துவிட்டுப் போன பழைய பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர். வண்டிக்காரர்களில் மூத்தவர் முத்தையா எழுந்தார்.

"தொரை சொல்றது இருக்கட்டும்யா. தொரை நாளைக்கே கப்பலேறிப் போயிடுவாரு. நீங்க நம்ம ஆளு. தண்ணி வரும்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்ல முடியாது முத்தையா. நான் மாத்திச் சொல்றவன்தான்" என்றார் ஐயா.

"அப்படின்னா நாங்க நகர மாட்டோம்."

யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை, கற்பூரம் அணைக்கட்டும் என்று ஒரு குரல் வந்தது. உடனே கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல் பொய்த்தால் அவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் நம்பிக்கை. ராஜாங்கத்தின் வாக்குக்கு ஒரு துபாசியிடம் சத்தியம் கேட்கிற புத்தி உலகத்தில் வேறு யாருக்கும் வராது. எங்களுக்கு வந்தது. தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டியவன் நான். என் கடைக் கற்பூரம்தான்.

ஐயா சிறிது நேரம் ஆற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தண்ணீர் வரும். வரலைன்னா நான் பொறுப்பு" என்று சொல்லிக் கையை வைத்து அணைத்தார். பூஜை நடக்கிறதென்று நினைத்துக்கொண்டு துரையும் தொப்பியைக் கழற்றினார்.

நாங்கள் மேட்டுக்குக் குடிபோனோம். சர்க்கார் சொன்னபடி தகரமும் பலகையும் வந்தன, அதில் குற்றமில்லை. நாங்கள் கூரை போட்டுக்கொண்டிருந்த அந்த வாரமே ஒரு வண்டி மேடேறி வந்தது. முன்னால் ஐயா குடையோடு நடந்து வந்தார். வண்டியில் அவர் மனைவி மங்களம்மாள், மகன் சுந்தரம், சின்ன மகள் கோமதி, பாத்திரம் பண்டங்கள். அவருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் குழாய் வைத்த நல்ல வீடு இருந்தது. இங்கே என்ன வேலை என்று கேட்டேன். "சத்தியம் பண்ணினவன் வேற எங்க இருக்கறது?" என்றார். எங்களைப் போலவே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பணயமாக ஆளே கையில் இருக்கும்போது தண்ணீர் எங்கே போய்விடும் என்று நான் கடையில் உட்கார்ந்து பேசினேன்.

தண்ணீர் வரவில்லை. முத்தையா சொன்னபடியே அந்தத் துரை கப்பலேறினார். புதிதாக வந்தவர் ஆற்றுக்கரை வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஐயா தினமும் ஆபீஸுக்குப் போய்க் குழாயைப் பற்றிக் கேட்டார். பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அவரைக் கூப்பிட்டு, உத்தியோகம் வேண்டுமா குழாய் வேண்டுமா என்று கேட்டாராம். மறுநாளும் ஐயா கேட்டார். சாயங்காலம் திரும்பி வரும்போது என் கடை வாசலில் யாராவது நின்று, "என்னங்கய்யா, தண்ணி வருதா?" என்பார்கள். முதலில் அது விசாரணையாக இருந்தது. பிறகு கிண்டலாயிற்று. ஐயா ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். பள்ளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னார். விறகு யார் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டோம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. பல வீடுகளில் குழந்தைகள் படுத்தன. சில எழுந்திருக்கவில்லை. ஐயாவின் கோமதியும் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். ஆனால் குழந்தை எங்கள் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடிவிட்டு எங்கள் வீட்டுக் குடத்திலும் குடித்திருக்கிறாள்.

சாவு வீட்டு வாசலில் கூட்டமாக நின்றிருந்தோம். நான் ஐயாவின் பக்கத்தில் நின்றேன். பின்னால் ஒரு பெண் குரல், தாழ்ந்த குரல்தான், "பொய்ச் சத்தியம் சும்மா விடுமா" என்றது. ஐயாவுக்குக் கேட்டது. அவர் திரும்பவில்லை. வலது கை விரல்களை மட்டும் மடக்கிக்கொண்டார். சொன்ன பெண்ணை நான் குறை சொல்லப் போவதில்லை, அதே மாதத்தில் அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். நாங்கள் மற்றவர்கள் இருந்தோமே. "அப்படிச் சொல்லாதே" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. துரையைத் திட்டினால் துரைக்குக் கேட்காது. ஐயாவைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். நாங்கள் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

மறுவருஷ மழைக்கு முன்னால் குழாய் வந்தது. அவர் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினோம். வேறொரு துரை வந்து குழாயைத் திருகினார். கம்பத்துக் கமிட்டிக்குக் காரியதரிசி என்ற முறையில் நான் வாழ்த்துப் பத்திரம் வாசித்தேன். கவர்மெண்டுக்கு நன்றி, துரைக்கு நன்றி, இஞ்சினீருக்கு நன்றி, வெள்ளத்தில் கம்பளி கொடுத்த துரைசானிமார்களுக்கு நன்றி, குழாய் பதித்த கன்ட்ராக்டருக்கு நன்றி. நான் ஒரு வரி வாசித்து நிறுத்த, ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்று விட்டிருந்தால்கூட அவரை நினைத்தோம் என்று ஆகியிருக்கும். எங்களுக்குத் தோன்றவே இல்லை. கடைசி வரிவரைக்கும் ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல் சொல்லி முடித்துவிட்டு, வரிசையில் நின்று தாமும் ஒரு செம்பு பிடித்துக் குடித்தார்.

அதே வாரம் அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மங்களம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தார். ஐயா மட்டும் கடைக்கு வந்து, வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் போனது ஒரு விதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சில வருஷங்கள் கழித்து ஒரு பெருமழையில் ஆறு மறுபடி ஏறியது. கரை கட்டி முடியாத பக்கமாகப் புகுந்து, எங்கள் பழைய ஆற்றோரம் முழுவதையும் மூடியது. எங்கள் கோயிலிருந்த இடத்தில் மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. மேட்டில் நின்று பார்த்தோம். எங்கள் பெண்டு பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் உலர்ந்த துணியோடு நின்றிருந்தார்கள். முத்தையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சரக்கெடுக்கப் போனபோது, ரயில்வே வீடுகளுக்குப் பக்கத்தில் ஐயாவைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அன்றைக்கு ஏன் ஐயா கற்பூரம் அணைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"தண்ணி சொன்னபடி வருமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஆனா ஆறு திரும்ப வரும்னு தெரியும். நீங்க என் பேச்சைக் கேட்டு நகர்ந்தா போதும்னு இருந்தது. அதுக்கு என்ன விலைன்னு அப்ப எனக்குத் தெரியல."

பிறகு, எல்லோரும் சௌக்கியமா என்று ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டார். சாவு வீட்டில் அப்படிச் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லிக் கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை எனக்குத் தொண்டைவரை வந்தது. நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டாம், கம்பத்தார் எல்லோருமாக ஒருநாள் வந்து முறையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். கமிட்டியிலும் பேசினோம். தீபாவளி போகட்டும் என்றார்கள், பிறகு திருவிழா போகட்டும் என்றார்கள். இப்போது ஐயாவே போய்விட்டார்.

செய்தி வந்த அன்று கம்பத்தார் கூடி ஒரு முடிவு செய்தோம். சுடுகாட்டுக்குப் போகிற வழி எங்கள் தெரு வழியாகத்தான். அவர் வரும்போது ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலில் நிற்பது, பாடை முத்தையாவின் வீட்டெதிரே வரும்போது இறக்கச் சொல்லி, எல்லோரும் காலில் விழுவது. பெண்கள் தெருவைப் பெருக்கினார்கள். பாடை கடந்த பிறகு வாசலில் ஊற்ற வேண்டுமென்று குழாயில் குடம் குடமாகப் பிடித்து வைத்தார்கள். நான் முன்னதாகவே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்த் தோள் கொடுத்தேன்.

மேட்டுக்கு ஏறுகிற முக்கு வந்தது. முன்னால் போன சுந்தரம் ஏறாமல் கீழ்ச்சாலையில் திரும்பினார். அது சுற்று வழி. நான் கூப்பிட்டு, தம்பி, மேலே எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு மாமா. மேட்டு வழியா வேண்டாம்னு. 'நான் போனா அவங்கள்லாம் வாசல்ல வந்து நிக்கணும், பழசெல்லாம் ஞாபகம் வரும், அவங்களுக்குச் சங்கடம். பாவம், சுத்திக்கிட்டே போங்க'ன்னாரு."

மகனிடம் வாதாட எனக்கு என்ன உரிமை? கீழ்ச்சாலையில் நடந்தோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் எங்கள் தெரு தெரியும். பறைச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதென்று புரியாமல் எல்லோரும் மேட்டின் ஓரத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். முத்தையாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கி ஓடி வரவில்லை. அவர் கேட்டுக்கொண்ட வழி அது என்று எப்படியோ அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

எரித்துவிட்டு நான் திரும்பியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வாசலுக்கு வாசல் குடங்கள் நிறைந்தபடியே இருந்தன. பாடை போகாத தெருவில் அந்தத் தண்ணீரை ஊற்றவும் முடியவில்லை, குடிக்க எடுத்து உள்ளே வைக்கவும் யாருக்கும் கை வரவில்லை.

ஐயா, கடைசிவரை எங்களுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று பார்த்தீர்கள். அந்தச் சங்கடம் எங்களுக்கு வேண்டியிருந்தது. போய் வாருங்கள்.