ஏசி இல்லாத ஆபீஸில் பேசிய சுவர்

"இன்ஜினியர் சார், என் ரூம் சுவரு பேசுது. உடனே கிளம்பி வாங்க."

புதுக் கட்டடம் திறந்த முதல் வாரத்தில் இப்படி ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த வரி வசூல் அலுவலகத்தின் தலைமை அலுவலர் சண்முகராஜ், திருநெல்வேலிக்காரர். நான் அந்தக் கட்டட வேலையை மேற்பார்வையிட்ட உதவிப் பொறியாளர்.

அது ஏசி இல்லாத பசுமைக் கட்டடம். கீழே மக்கள் காத்திருக்கும் ஹால், மேலே அலுவலர் அறை. சூடான காற்று மேலேறி வெளியே போவதற்குக் கூரை வரைக்கும் ஒரு ஏர் ஷாஃப்ட் விட்டிருந்தோம். ஹாலிலும் அறையிலும் அதற்குச் சுவரில் கிரில் உண்டு. சித்திரை வெயிலிலும் உள்ளே சிலுசிலுவென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

போய் விசாரித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் பியூனைக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் நான் ஃபீல்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிரு. கொஞ்சம் கண்ணசருதேன்" என்றிருக்கிறார். அது ஷாஃப்ட் வழியாக, மைக் வைத்ததுபோல ஹால் முழுக்கக் கேட்டிருக்கிறது. வரி ரசீதில் பெயர் மாற்றுவதற்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர் மண்ணரையிலிருந்து வந்த ஜெயமணி அம்மா. பனியன் கம்பெனி நடத்துகிறவர். நிதானமாக எழுந்து கிரில் பக்கம் போய்க் கேட்டிருக்கிறார்:

"ஏனுங்க சார், ஃபீல்டுல தலகாணி இருக்குதுங்களா?"

நான் ஷாஃப்டைப் பற்றி விளக்கினேன். சார் கேட்பதாக இல்லை.

"அடைச்சிருங்க."

"அடைச்சா உங்களுக்குத்தான் காத்து வராதுங்க சார்."

"மானம் போறதுக்கு வேர்வை போகட்டும்."

சத்தத்தைத் தடுக்கும் பலகை வைக்க சாங்ஷன் வர வேண்டும் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. மறுநாளே ஒரு மூட்டை பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி, கிரில்லைக் கழற்றித் திணிக்கச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் அறை அயர்ன் டேபிள் மாதிரி கொதித்தது. சார் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தபோதே மூட்டை நழுவி ஷாஃப்டுக்குள் விழுந்து பிரிந்தது. கீழே ஹால் கிரில் வழியாக, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் மஞ்சளும் சிவப்புமாகத் துண்டுத் துணி கொட்டியது.

ஜெயமணி அம்மா அன்றும் வந்திருந்தார். ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கிரில்லிடம் சொன்னார்:

"துணி நல்லா இருக்குதுங்க சார். என்ற ரசீதும் இப்படியே மேல இருந்து உழுந்துச்சுன்னா சௌகரியமுங்க."

கிரில்லிலிருந்து, "மேல வாங்கம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்று குரல் வந்தது. ஹாலே எழுந்து நின்றது.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றது குரல்.

சாங்ஷன் வந்ததும் ஆளோடும் பலகையோடும் போனேன். ஹாலில் இருந்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். "அத எதுக்குங்க தொடறீங்க? இப்பத்தான் வேல நடக்குது" என்றார் ஒருவர். மேலிருந்து சாரே, "விட்டுருங்க சார், எனக்கும் பழகிட்டு" என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். பிளானில் காற்றுக்கு நீல அம்புக்குறி போடுகிறோம் இல்லையா, பேச்சுக்கும் ஒன்று போட்டுப் பாருங்கள். அது யார் வாயில் தொடங்கி யார் காதில் முடிகிறது என்று தெரிந்த பிறகு கான்கிரீட் போடுங்கள்.