போத்தல் நிறைந்த நாள்

வேலை கேட்டு வந்த அன்றைக்கே என்னிடம் பிழை பிடித்தவள் ஜீவராணி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் கடை என்னுடையது. கணினிக்கு நான் எழுதிவைத்திருந்த கட்டளைகளைத் திரையில் பார்த்தாள். "பலீல் நானா, இந்த ஸ்க்ரிப்ட்டுல அடைப்புக்குறிய ஒட்டி எழுதியிருக்கீங்க. உள்ள எடம் விடலன்னா வேல செய்யாது," என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இயக்கிப் பார்த்தேன், வேலை செய்யவில்லைதான். அப்போதே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று, அவள் வீடு. பின்னால் செங்குத்தான மண்மேடு. அடைமழை என்றால் மண் சரியும் என்ற பயத்தில் அங்கே இருக்கும் நாற்பது குடும்பமும் தூங்காது. அதற்கு அவளே ஒரு வழி செய்தாள். தோட்டத்துக் காவல்காரர் அழகையா, மழை அளக்கும் போத்தலைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று மெசேஜ் அனுப்புவார். கடைக் கணினி அது நூற்றுக்கு மேலா என்று சோதிக்கும். மேல் என்றால் "பள்ளிக்கூடத்துக்குப் போங்க", இல்லையென்றால் "பயமில்லை" என்று நாற்பது போனுக்கும் போகும். எது பெரிது என்று எண்களை ஒப்பிட > போடக் கூடாது, -gt போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருடம் ஒரு குறை இல்லை.

போன ஐப்பசியில் ஒரு பிற்பகல். கொட்டுகிற மழையில் எதிரே நின்ற பஸ்கூடத் தெரியவில்லை. அவள் போனுக்கு "பயமில்லை" வந்தது. இந்த மழைக்கா என்று அழகையாவை அழைத்தாள்.

"மாமா, எத்தனன்னு அனுப்புனீங்க?"

"எத்தனன்னு எழுதுறது? போத்தல் நெறஞ்சு வழியுது. நெறஞ்சிருச்சுன்னு அனுப்புனேன்."

மனிதனுக்கு அந்த ஒரு சொல் போதும். -gt எண்ணை மட்டுந்தான் அறியும். சொல் வந்தால் பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டு, 'இல்லை' பக்கம் போய் "பயமில்லை" என்று அனுப்பிவிடும்.

உடனே கையாலேயே தட்டி நாற்பது பேருக்கும் "போங்க" அனுப்பினாள். அம்மா நல்லம்மாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இப்பதானேடி பயமில்லைன்னு வந்துச்சு. எத நம்புறது?"

"அது தப்பும்மா. நான் சொல்றேன், எல்லாரையும் கெளப்பிக்கிட்டுப் போங்க."

போனார்கள். ஆறு மணிக்கு மேடு சரிந்து எட்டு வீடுகளை மண் மூடியது. ஓர் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொன்று வைத்தாள்: வந்தது எண்தானா? இல்லையென்றால் "போங்க".

"நாப்பது குடும்பத்தக் காப்பாத்திட்டீங்க புள்ள," என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமில்லைன்னு சொன்னதும் நான் எழுதுனதுதான், நானா."